தபாலில் வந்த 'செக்'
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சதுரங்கத்தில் வலியவனை எளியவன் வெல்வது அபூர்வம். எவ்வளவு அபூர்வம் என்பதை ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் கணக்காகவே வகுத்துத் தந்திருக்கிறார். இருவருக்கும் தரப்புள்ளியில் 200 வித்தியாசம் இருந்தால், 100 ஆட்டங்களில் கீழே உள்ளவர் சுமார் 24 புள்ளிகளே எதிர்பார்க்கலாம். வித்தியாசம் 400 என்றால் வெறும் 9!

ஆனால் இது கடிகாரம் ஓட, எதிரெதிரே அமர்ந்து ஆடுவோரின் கணக்கு. தபால் சதுரங்கம் வேறு வகை. ஒரு நகர்த்தலைக் கார்டில் எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இடையில் புத்தகம் பார்க்கலாம். பலகையில் காய்களை நகர்த்தியும் பார்க்கலாம். அனுபவசாலியின் வேகத்துக்கும் ஞாபகசக்திக்கும் இங்கே பாதி மதிப்புத்தான். பண்ணைப்புரம் போன்ற ஊர்களிலிருந்து வரும் எங்களுக்குப் பயிற்சியாளர் எட்டாதவர். தபால் பெட்டி எட்டும்.

நகர்த்தலை எழுதவும் மொழி வேண்டியதில்லை. கட்டங்களுக்கு இரு திசையிலும் 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜாவின் முன்னுள்ள சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தால் 5254.

1824இல் லண்டன் மன்றமும் எடின்பரோ மன்றமும் இப்படி மோதின. லண்டன் மன்றம் 1807இல் தோன்றியது. எடின்பரோவுக்கோ வயது இரண்டே! நான்கு ஆண்டுகளில் ஐந்து ஆட்டங்கள். எடின்பரோ இரண்டில் வென்றது, ஒன்றில் தோற்றது, இரண்டு சமன்.

நம் சென்னையும் பின்தங்கவில்லை. 1828-29இல் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் தபால் வழியே இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ரயில் வராத காலம் அது! சென்னை அணியை நடத்தியவர் குலாம் காசிம். வெற்றி சென்னைக்கே. அவரும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற அதிகாரியும் அந்த ஆட்டங்களோடு, குதிரையைப் பலிகொடுத்துத் தாக்கும் 'முசியோ' முறையையும் ஆராய்ந்து 1829இல் சென்னையிலேயே நூலாக வெளியிட்டார்கள். பலகை வைத்திருப்போர் ஆடிப் பாருங்கள்: 5254 5755, 6264 5564, 7163 7775, 6134 7574. குதிரை தாக்கப்பட்டு நிற்கிறது. வெள்ளை அதைக் காப்பாற்றாமல் 4244 என்று சிப்பாயை நகர்த்துகிறது. என்ன துணிச்சல்! உலகம் இன்றும் இதைக் குலாம் காசிம் முறை என்றே அழைக்கிறது.

இப்போது கார்டு போய்க் கணிப்பொறி வந்துவிட்டது. 1951இல் தோன்றிய உலகத் தபால் சதுரங்கக் கூட்டமைப்பு அதன் உதவியை அனுமதிக்கிறது. இதனால் எளியவன் தோற்பது குறைந்தது. உயர்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் சமனிலேயே முடிகின்றன. ஆனால் இரவெல்லாம் விழித்து, எதிராளி காணாத ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்து ஜெயிப்பது எளியவனுக்கு முன்னைவிடக் கடினமாகிவிட்டது.