தொழில்முறைத் தேர்வுப் படிப்பில் தள்ளிப்போடுதல்

தள்ளிப்போடுதல் என்பது, தாமதித்தால் தனக்கே இழப்பு என்று தெரிந்தும் ஒரு வேலையைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கும் பழக்கம். இது சோம்பலிலிருந்து வேறானது. சோம்பல் உள்ளவருக்கு எதையும் செய்ய மனம் வராது. தள்ளிப்போடுபவரோ படிக்க விரும்புகிறார். ஆனால் அந்த நேரத்தில் மேசையை ஒழுங்குபடுத்துவார், குறிப்பேட்டுக்கு அட்டை போடுவார், புதிய கால அட்டவணை எழுதுவார். திருக்குறளின் 61ஆம் அதிகாரமான மடியின்மையும், காலம் நீட்டித்தலையும் சோம்பலையும் தனித்தனிக் குறைகளாகவே எண்ணுகிறது.

தொழில்முறைத் தேர்வில் இது ஏன் மிகுதி?

பள்ளித் தேர்வின் நாளைப் பள்ளி முடிவு செய்கிறது. தொழில்முறைத் தேர்வில், எந்தப் பருவத்தில் எழுதுவது என்பதை எழுதுபவரே முடிவு செய்கிறார். தள்ளிப்போட இந்த உரிமையே வழிவிடுகிறது.

பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) தேர்வை எடுத்துக்கொள்வோம். இதை நடத்துவது 1949இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். முன்பு ஆண்டுக்கு இருமுறை நடந்த இடைநிலைத் தேர்வு, 2024 முதல் மூன்று முறை நடத்தப்படுகிறது. தோற்றவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் "அடுத்த அட்டெம்ப்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்துக்கும் இதுவே இடம் தருகிறது.

தேர்ச்சி விதியையும் கவனிக்க வேண்டும். தற்போதைய பாடத்திட்டத்தில் இடைநிலை, இறுதி இரண்டிலும் குழுவுக்கு மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும், குழுவில் மொத்தம் 150 மதிப்பெண்ணும் தேவை. ஒருவர் 72, 66, 38 பெற்றால் மொத்தம் 176. ஆனாலும் அந்தக் குழுவில் தேர்ச்சி இல்லை. பிடித்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, பயந்த பாடத்தைத் தள்ளிவைப்பவருக்கு நேர்வது இதுதான். தள்ளிப்போடுபவர் பெரும்பாலும் தள்ளிப்போடுவது படிப்பு முழுவதையும் அல்ல. அதில் கடினமான ஒரு பகுதியை மட்டுமே.

கடக்கும் வழிகள்

*வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்தல்:* மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகளின் சுவரைப் பார்த்தால், பாறையில் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டியிருப்பது தெரியும். பல்லவர் காலச் சிற்பிகள் அந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து உள்ளே சென்றார்கள். "இன்று வரி பாடம் படிப்பேன்" என்பது முழுப் பாறை. "வீட்டுச் சொத்து வருமானத்தில் இரண்டு கணக்குப் போடுவேன்" என்பது ஒரு சதுரம்.

*இடைத் தேதிகள் வைத்தல்:* டேன் ஏரியலி, கிளவுஸ் வெர்டன்புரோக் இருவரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்று கட்டுரைகளில் பிழை திருத்தும் வேலையை, வாரம் ஒன்று என்ற கெடுவோடு செய்தவர்கள், எல்லாவற்றையும் கடைசி நாளில் தரலாம் என்று விடப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்தனர். தாங்களே கெடு வைத்துக்கொண்டவர்கள் இவ்விரு பிரிவினருக்கும் இடைப்பட்டனர். ஆகவே, வாராந்தரத் தேர்வை நண்பரோ பயிற்சி மையமோ வைப்பது நல்லது.

*நேரத்தையும் இடத்தையும் முன்பே முடிவு செய்தல்:* "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று திட்டமிடுபவர்கள் எண்ணியதை முடிப்பது எளிதாகிறது என உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கினார். செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மின்ரயிலில் வேலைக்கோ பயிற்சிக்கோ செல்பவர் இப்படி வைத்துக்கொள்ளலாம்: "ரயில் பரனூரைத் தாண்டியதும் நேற்றைய பாடத்தில் ஐந்து கேள்விகளுக்கு நினைவிலிருந்து விடை சொல்வேன்." நின்றுகொண்டு போனாலும் இதைச் செய்யலாம், புத்தகம் விரிக்க இடம் தேவையில்லை. திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியது.

*கடினமானதை முதலில், குறைந்த நேரம்:* பயப்படும் தாளுக்கு நாளின் முதல் 25 நிமிடத்தைக் கொடுக்கலாம். தொடங்குவதுதான் பெரும்பாலும் கடினம். முதல் கணக்கைப் போட்ட பிறகு அச்சம் குறையும்.

எப்போது ஒத்திவைக்கலாம்?

எல்லா ஒத்திவைப்பும் தவறல்ல. உடல்நலக் குறைவு, குடும்பத்தில் துயரம், பயிற்சி அலுவலகத்தில் தணிக்கைக் காலத்து வேலைப்பளு ஆகியவை உண்மையான காரணங்கள். தேதியை மாற்றும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: புதிய தேதிக்கு வாரவாரியாக என்ன படிக்கப் போகிறேன் என்று எழுத முடிகிறதா? எழுத முடிந்தால் அது திட்டத்தை மாற்றியமைப்பது. தேதி மட்டும் மாறி, பயந்த தாள் திறக்கப்படாமலே இருந்தால் அது தள்ளிப்போடுதல். அடுத்த பருவம் வரை காத்திருக்கும் மாதங்களுக்கான செலவை, பல வீடுகளில் பெற்றோரின் வருமானமே தாங்குகிறது. அதனால் விண்ணப்பத்தை நிரப்பும் முன், மூன்று தாள்களில் எதை இதுவரை தொடவில்லை என்று பார்த்து, அன்றே அதில் ஒரு கணக்கைப் போடலாம்.