மொனாக்கோவில் ஜெயித்தும் எஃப்1 சீட் இல்லை: குஷ் மைனியின் கணக்கு எங்கே இடிக்கிறது?

மாரிக்குப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் சீட் கிடைப்பதே ஒரு பந்தயம்தான். கோலார் தங்கவயலில் இருந்து வேலைக்குப் போகிற பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் போனில் இருப்பார்கள். அப்படி ஒரு காலை, பக்கத்தில் இருந்த பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவர் மொனாக்கோ ரேஸ் ஹைலைட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: "இன்னாண்ணா, நம்ம பெங்களூர் பையன் மொனாக்கோலயே ஜெயிச்சுட்டாரு. அப்புறம் ஏன் இன்னும் எஃப்1 உள்ள விடல?"

நல்ல கேள்வி. பதில் ரேஸ் டிராக்கில் இல்லை, ஒரு அட்டவணையில் இருக்கிறது.

முதலில், யார் இவர்?

குஷ் மைனி, 2000 செப்டம்பரில் பெங்களூரில் பிறந்தவர். (தங்கவயல் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அப்போது இவர் ஐந்து மாதக் குழந்தை.) ரேவா எலெக்ட்ரிக் கார் ஞாபகம் இருக்கிறதா? அதை உருவாக்கிய சேத்தன் மைனி இவருடைய சித்தப்பா. அண்ணன் அர்ஜுன் 2018-ல் எஃப்2 ஓட்டியவர். ஆக, கார் தொழிலும் ரேஸும் வீட்டுக்குள்ளேயே இருந்த குடும்பம். இந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

கார்ட்டிங் முடித்து, 2016-ல் இத்தாலிய எஃப்4. 2018-ல் பிரிட்டிஷ் எஃப்3-ல் 3-ம் இடம், 2020-ல் அதே தொடரில் 2-ம் இடம். 2022-ல் எஃப்ஐஏ எஃப்3. 2023 முதல் எஃப்2: முதல் வருடம் காம்போஸ், அடுத்து இன்விக்டா, 2025-ல் டாம்ஸ். நடுவில் 2023 அக்டோபரில் ஆல்பைன் அகாடமி இவரை எடுத்துக்கொண்டது. 2025-ல் ஆல்பைன் எஃப்1 அணியின் டெஸ்ட் மற்றும் ரிசர்வ் டிரைவர் பட்டியலில் பெயர் வந்தது. அதே வருடம் மே 24 அன்று மொனாக்கோ ஸ்பிரிண்ட் ரேஸில் முதலிடம். அங்கே எஃப்2-ல் ஜெயித்த முதல் இந்தியர்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது அட்டவணைக்கு வருவோம்.

40 என்ற எண்

எஃப்1 ஓட்ட 'சூப்பர் லைசென்ஸ்' வேண்டும். பொதுவாக 18 வயது முடிந்திருக்க வேண்டும். அதோடு மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். 17 வயது வெர்ஸ்டாப்பன் 2015-ல் நேராக எஃப்1-க்குள் வந்துவிட்டார். அதற்குப் பிறகு, 2016-ல் நடைமுறைக்கு வந்த கட்டுப்பாடு இது.

இந்தப் புள்ளிகள் எந்த ரேஸில் ஜெயித்தோம் என்று பார்த்துத் தரப்படுவதில்லை. சீசன் முடிவில் எந்த இடம் என்பதுதான் கணக்கு. எஃப்2-ல் முதல் மூன்று இடத்துக்கும் தலா 40. நான்காம் இடம் என்றால் 30, ஐந்துக்கு 20, ஆறுக்கு 10. அதற்குப் பிறகு 8, 6, 4, 3. பதினொன்றாம் இடத்துக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள். 40 எங்கே, 10 எங்கே!

மைனியின் சீசன் முடிவுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2022 எஃப்3: 14-ம் இடம். 2023 எஃப்2: 11. 2024 எஃப்2: 13. மூன்று சீசன், இந்த இரண்டு தொடர்களிலிருந்தும் கிடைத்தது பூஜ்ஜியம். மொனாக்கோ வெற்றி இருந்தும் 2025-ல் முதல் பத்துக்குள் வரவில்லை.

அப்போ மொனாக்கோ வெற்றி சும்மாவா?

சும்மா இல்லை. அந்தக் குறுகலான தெருவில் 30 லேப் சுவரில் உரசாமல் முன்னால் ஓட்டுவது சாதாரண வேலை கிடையாது. ஆனால் எஃப்2 வார இறுதி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் எடை புரியும்.

சனிக்கிழமை சின்ன ரேஸ், ஞாயிற்றுக்கிழமை பெரிய ரேஸ். வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்றில் எடுத்த வரிசைப்படி ஞாயிறு கிளம்புவார்கள். சனிக்கிழமை மட்டும் முதல் பத்துப் பேரைத் தலைகீழாக்கிவிடுவார்கள். தகுதிச் சுற்றில் பத்தாவதாக வந்தவர் முதலில் நிற்பார். மொனாக்கோவில் மைனி கிளம்பியது அந்த முதல் இடத்திலிருந்து. ஓவர்டேக் செய்யவே இடமில்லாத டிராக்கில் அது பெரிய வரம். அதை வீணாக்காமல் கடைசி வரை காப்பாற்றியது அவர் திறமை.

ஆனால் சனிக்கிழமை வெற்றிக்கு 10 புள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவதாக வந்தாலும் அதே 10 கிடைக்கும். ஞாயிறு வெற்றிக்கு 25. சனிக்கிழமை ஜெயிப்பவருக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும். சாம்பியன்ஷிப்பில் மேலே போக வெள்ளியும் ஞாயிறும்தான் முக்கியம்.

மைனியிடம் வெள்ளிக்கிழமை வேகம் இல்லை என்று சொல்ல முடியாது. 2024 சீசனின் முதல் சுற்றிலேயே பஹ்ரைனில் மிக வேகமான லேப் அவருடையதுதான். பரிசோதனையில் காரின் உயரம் விதிப்படி இல்லை என்று தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள், போல் போச்சு. அதே வருடம் ஹங்கேரியில் நேர்மாறாக நடந்தது: முதலில் வந்தவர் தகுதிநீக்கம் ஆனதால் ஸ்பிரிண்ட் வெற்றி இவருக்கு வந்தது. அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் அடித்திருக்கிறது. இடித்தது வேறு இடத்தில், சீரான ஓட்டத்தில்.

இதற்குச் சங்கடமான சாட்சி ஒன்று உண்டு. எஃப்2-ல் எல்லாருக்கும் ஒரே டல்லாரா கார், ஒரே மெக்காக்ரோம் இன்ஜின், ஒரே பைரெல்லி டயர். 2024-ல் இன்விக்டாவில் மைனியின் பக்கத்து கராஜில் இருந்தவர் பிரேசிலின் கேப்ரியல் போர்டொலெட்டோ. அவர் சாம்பியன் ஆனார், 2025-ல் சாவ்பர் எஃப்1 காரில் உட்கார்ந்தார். மைனி 13-ம் இடம். எஃப்1 அணிகள் முதலில் பார்ப்பது இந்த ஒப்பீட்டைத்தான்.

லோகன் சார்ஜென்ட் என்ற அமெரிக்கரின் கதையும் இதே அட்டவணையில் தொங்கியதுதான். 2020 எஃப்3-ல் சாம்பியன் பியாஸ்ட்ரியைவிட நான்கே புள்ளி குறைவு, மூன்றாம் இடம். அடுத்த வருடம் எஃப்2 போகப் பணம் இல்லை. எஃப்3-லேயே ஒரு சின்ன அணியில் இன்னொரு சீசன் ஓட்டினார். 2022-ல் வில்லியம்ஸ் அணி "சூப்பர் லைசென்ஸ் வந்தால் சீட் உனக்கு" என்று அறிவித்தது. அபுதாபி கடைசிச் சுற்றில் நான்காம் இடத்தை உறுதி செய்தபிறகுதான் உள்ளே போனார். 2024 ஆகஸ்டில் அந்த சீட்டும் பறிபோனது.

பணம் எவ்வளவு?

எஃப்2-ல் ஒரு சீசனுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மேல் என்று பேசப்படுகிறது. நம்ம கணக்கில் சுமார் 20 கோடி ரூபாய். அதுவும் ஒரு வருடத்துக்கு. எஃப்4, எஃப்3 செலவெல்லாம் தனி. மைனி குடும்பத்துக்குத் தொழில் இருந்தது, ஸ்பான்சர் பிடிக்கத் தொடர்பு இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பணம் உள்ளே நுழைய டிக்கெட் வாங்கித் தரும், 11-ஐ 3 ஆக்காது. ஆனால் டிக்கெட்டே இல்லாதவர் எத்தனை வேகமானவர் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பிஇஎம்எல் தொழிற்சாலை உள்ள ஊர், இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களுக்குத் தங்கவயலில் பஞ்சமே கிடையாது. அவர்களில் ஒருவர் எட்டு வயதில் கார்ட்டில் உட்கார்ந்திருந்தால்? அந்த டேட்டா என்னிடம் இல்லை, யாரிடமும் இருக்காது.

இதுவரை எஃப்1 ரேஸில் இந்தியக் கொடியோடு ஓட்டியது இரண்டே பேர், இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் வந்தார். சென்னையின் கருண் சந்தோக் 2010-ல். இரண்டு பேரும் வந்தபோது இந்த 40 புள்ளி விதி கிடையாது. 2012-ல் நரேன் ஓட்டியதோடு சரி. மும்பையின் ஜெஹான் தாருவாலா 2020-ல் எஃப்2-ல் ஜெயித்த முதல் இந்தியர் ஆனார், மெக்லாரன் எஃப்1 காரை டெஸ்ட்டும் செய்தார். அவரும் கடைசியில் ஃபார்முலா இ பக்கம் போனார்.

இப்போது வாசல் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. 2023-ல் தொடங்கிய இந்திய எஃப்4 தொடருக்கு எஃப்ஐஏ சான்று உண்டு. அப்படிப்பட்ட தொடரில் சாம்பியனுக்கு 12 சூப்பர் லைசென்ஸ் புள்ளி. அந்தத் தொடர் ஓடிய இருங்காட்டுக்கோட்டை டிராக், நம்ம சென்னை–பெங்களூர் சாலையிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடிப்பதற்குள் ரயில் கிருஷ்ணராஜபுரம் வந்துவிட்டது. "அப்போ எதைண்ணா பாக்கணும்?" என்றார் இறங்கும்போது. வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று, அரை மணி நேரம்தான், அதைப் பாருங்கள் என்றேன். அதில் முதல் ஐந்துக்குள் திரும்பத் திரும்ப ஒரு இந்தியப் பெயர் வந்தால் எனக்கு மெசேஜ் போடச் சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறேன்.