தென்னங்காணிக்குள் ஒரு சோலர்

கொடிகாமத்தில் சோலர் பூட்ட நினைப்பவர் கடைக்குப் போகுமுன் முற்றத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். தேங்காய்க்குப் பெயர்போன சந்தை உள்ள ஊர். வீடுகளில் பாதி தென்னைக்குள்தான் இருக்கின்றன. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 15 மீற்றர் தென்னையின் நிழல் உச்சி வேளையிலேயே 10 மீற்றர் வடக்கே நீளும். காலை ஒன்பது மணிக்கு 20 மீற்றரையும் தாண்டும். 12 வோல்ட் பனலில் பொதுவாக 36 கலங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஓலை நிழல் இரண்டு கலங்களை மூடினாலே மின்சாரத்தில் பாதி போய்விடலாம்.

பனல் வீட்டுக் கூரையில்தான் இருக்க வேண்டுமென்றில்லை. மாட்டுக்கொட்டிலோ கிணற்றடியோ, வெயில் நாள் முழுக்க விழுகிற, தேங்காய் விழாத இடம் எதுவானாலும் சரி. தெற்குப் பார்வையாக 10 முதல் 15 பாகை சரிவு போதும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் இங்கே தலைக்கு நேரே வந்து, ஆவணி வரை சற்று வடக்கே நிற்கும். ஆனால் அப்போது வெயிலுக்குப் பஞ்சமில்லை. நாம் கணக்குப் பார்க்க வேண்டியது மாரிக்குத்தான்.

கரண்ட் இல்லாமல் இருந்து பழகிய ஊர் இது. 1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்குச் செய்து பிள்ளைகள் படித்தார்கள். அந்த டைனமோ தந்தது 6 வோல்ட், 3 வாட். இன்றைக்கு 100 வாட் பனல் ஒன்றை ஒருவரே தோளில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறலாம். 1977 இல் சோலர் கலத்தின் விலை வாட்டுக்கு 76 டொலர். இன்று ஒரு டொலர்கூட இல்லை.

2022 மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, பற்றரி இல்லாத பெரிய சோலர் பூட்டிய வீடுகளும் நின்றுபோயின. வெயில் எறிக்கிறது, பனலும் இருக்கிறது, ஃபான் மட்டும் சுற்றவில்லை! மின்சார சபைக் கம்பியில் கரண்ட் நின்றதும் அந்த வகை இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலைசெய்பவருக்கு ஆபத்து. 2016 இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் பரவியது இந்த வகைதான். வெளிநாட்டுக் காசு வந்தால் பூட்டலாம், பில் குறையும். ஆனால் அது அனுமதியும் பொறியியலாளரும் வேண்டிய வேலை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சியதால், பகலில் அதை அணைத்து வைக்கும்படி சபையே கேட்டது. நாமே பூட்டக்கூடியது பற்றரியோடு தனியாக நிற்கும் சின்னச் சோலர்.

கணக்கு ஒரு கொப்பித் தாளில் அடங்கும். மூன்று 9 வாட் எல்.ஈ.டி பல்ப் ஐந்து மணி நேரம்: 135 வாட்மணி. 25 வாட்டில் ஓடும் 12 வோல்ட் ஃபான் எட்டு மணி நேரம்: 200. வைஃபை ரூட்டர் பத்து மணி நேரம்: 100. மூன்று போன்: 45. மொத்தம் 480. இரண்டு 100 வாட் பனல், நாளுக்கு நாலு மணி நேர நல்ல வெயில், இழப்புக்கு முப்பது வீதம் கழிவு: 560. மழை நாளில் இதில் பாதியும் வராது. ஆனால் வாடைக் குளிரில் ஃபான் யாருக்கு வேண்டும்?

தண்ணீர் மோட்டரை இதில் கொழுவ ஆசை வரும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓட 1000 வாட்டளவு வேண்டும், கிளம்பும் கணத்தில் அதுபோல் சில மடங்கு. அதைச் சபைக் கரண்டுக்கே விட்டுவிடுங்கள்.

காசை மிச்சம் பிடிக்கிறோமென்று பழைய வாகனப் பற்றரியை வாங்குவதுதான் நான் அடிக்கடி காணும் வீண்செலவு. அது இஞ்சினை ஒரு நொடி உதைத்துக் கிளப்பச் செய்தது. தினமும் ஆழமாக வடித்தால் சில மாதத்தில் செத்துப்போகும். சோலருக்கென்றே செய்த 100 அம்பியர்மணி ஈயப் பற்றரியிலும் பாதியைத்தான், அதாவது 600 வாட்மணியைத்தான், எடுக்கலாம். அதே அளவு லித்தியம் பொஸ்பேற் பற்றரியில் 1000 வரை எடுக்கலாம். விலை கூட, ஆனால் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏறும். முடிந்தவர்கள் இதையே வாங்கட்டும்.

அடுத்தது வயர். 12 வோல்ட்டில் 120 வாட் என்றால் 10 அம்பியர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 மீற்றர் கொண்டுபோனால், போக வர 20 மீற்றரில், ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே 120 வாட், 230 வோல்ட்டில் அரை அம்பியர்தான், இழப்புத் தெரியாது. அதனால் பற்றரியும் அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரும் வீட்டுக்குள், பல்ப், ஃபானுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பனல் தூரத்துக் கொட்டிலில் இருந்தால் இரண்டு பனலையும் தொடராக இணைத்து, கூடிய வோல்ட்டை ஏற்கும் எம்.பி.பி.டி வகைக் கொன்ட்ரோலர் போடுங்கள். வோல்ட் இரட்டிப்பாகும், அம்பியர் பாதியாகும், வயரில் போகும் இழப்புக் கால்வாசியாகும்.

பியூஸ் பற்றரியின் நேர்முனைக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. வயர் இரண்டும் தொட்டுக்கொண்டால் 12 வோல்ட் பற்றரியும் நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும்; ஷொக் அடிக்காது, வீடு எரியும். வீட்டு மின்பலகையின் பிரேக்கரைக் கழற்றி இதற்குப் போட வேண்டாம். நேரோட்டத்தின் பொறி அதில் அணையாமல் நின்று எரியலாம், நேரோட்டத்துக்கென்றே விற்பது வேண்டும். கொன்ட்ரோலரில் முதலில் பற்றரி, பிறகுதான் பனல், கழற்றும்போது மறுவளமாக.

சோளகம் அடித்து ஓய்ந்ததும் பனலில் படிந்த புழுதியைக் காலை வெயில் ஏறுமுன் வெறும் தண்ணீரால் கழுவலாம். ஐப்பசி மழைக்கு முன் நட்டுகளை முறுக்கிப் பாருங்கள். கடல்நீரேரிக் காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈயப் பற்றரியானால் காய்ச்சி வடித்த நீரின் மட்டத்தையும் பாருங்கள். முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வயரைக் கழற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் துடைத்து, காய்ந்ததும் இறுக்கிப் பூட்டிக் கிறீஸ் பூசுங்கள்.