சாளரத்தை மூடினால் போதுமா?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியே நடைபெறுகிறது. வீட்டில் கணிப்பொறி இல்லாத ஆனையூர் மாணவன் பள்ளி ஆய்வகத்திலோ கடைத்தெரு மையத்திலோ அமர்ந்துதான் மின்னஞ்சலைத் திறக்கிறான், விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிறான். முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டு எழுந்துவிடுகிறான். ‘வெளியேறு’ என்பதை அழுத்திய பிறகே எழவேண்டும் என்ற ஆய்வக விதி வெறும் கண்டிப்புத்தானா?

அன்று. தொலைவிலுள்ள வழங்கிக் கணிப்பொறி, நாம் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் நம்மைப் புதியவராகவே காண்கிறது. ஆகவே கடவுச்சொல் சரியென்று கண்டதும் ஒரு நீண்ட எண்ணை நமக்குத் தருகிறது. நம் கணிப்பொறியிலுள்ள உலாவி அதைச் சேமித்து, ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? அதை யார் நீட்டினாலும் செருப்பு கைக்கு வந்துவிடும்! இதுவும் அப்படித்தான்.

சாளரத்தை மூடுவதால் இந்த எண் பெரும்பாலும் அழிவதில்லை. ‘வெளியேறு’ என்றால்தான் அது செல்லாததாகிறது. இன்றேல் அடுத்து அமர்பவர் கடவுச்சொல் அறியாமலே அஞ்சலைத் திறக்கலாம். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி, அவ்வஞ்சலுக்கு வரும் கடிதத்தைக் கொண்டு பிற கணக்குகளையும் கைப்பற்றலாம்.

மறந்து எழுந்துவிட்டீர்களா? உடனே வேறொரு கணிப்பொறியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெரும்பாலான அஞ்சல் சேவைகளில் பழைய எண்கள் அத்துடன் செல்லாமற் போகும்.