புதுச்சேரி இந்திய ஒன்றியத்துடன் இணைதல்

புதுச்சேரி இணைப்பு என்பது புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பிரெஞ்சுப் பகுதிகள் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த நிகழ்வைக் குறிக்கும். ஆட்சிப் பொறுப்பு 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது. சட்டப்படியான இறைமை மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றே நிறைவடைந்தது.

பின்னணி

இப்பகுதிகளின் எதிர்காலத்தை அவற்றின் மக்களே முடிவு செய்வர் என 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் கூட்டாக அறிவித்தன. வங்காளத்திலிருந்த சந்திரநாகூர் 1949 வாக்கெடுப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் மேற்கு வங்காளத்துடன் இணைக்கப்பட்டது. ஏனைய நான்கு பகுதிகளிலும் பொது வாக்கெடுப்பு நடைபெறவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர்.

உடன்படிக்கையின் நிபந்தனைகள்

1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் முதன்மையான கூறுகள் வருமாறு:

* 1954 நவம்பர் 1க்கு முன்பிருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும். மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே அதில் அரசியலமைப்பு மாற்றம் செய்யலாம்.
* இப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிமக்களாவர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்.
* மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும்.

அல்ஜீரியப் போர்க் காலத்தில் பிரான்சின் ஒப்புதல் தள்ளிப்போனது. 1962 இல் ஒப்புதல் கிடைத்த பின்னரே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

ஆட்சியமைப்பு

நான்கு பகுதிகளும் ஒன்றையொன்று தொட்டிருப்பவை அல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டை ஒட்டியும், மாகே கேரளத்தாலும் ஏனாம் ஆந்திரப் பிரதேசத்தாலும் சூழப்பட்டும் உள்ளன. அண்டை மாநிலங்களுடன் சேர்த்திருந்தால் இவை மூன்று மாநிலங்களுக்குப் பிரிந்து போயிருக்கும். 1962 இல் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் இவற்றை ஒரே ஒன்றியப் பகுதியாக்கியது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டப்பேரவையும் அமைச்சரவையும் உருவாயின. பேரவையில் 30 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்; நடுவண் அரசு மூவர் வரை நியமிக்கலாம். 1965ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்தது.

விவாதங்கள்

1979 இல் புதுச்சேரியை அண்டை மாநிலங்களுடன் இணைக்கும் கருத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட்டபோது கடும் போராட்டம் வெடித்தது; அத்திட்டம் நிறைவேறவில்லை. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே அதிகாரம் பற்றிய பிணக்குகள் பலமுறை எழுந்துள்ளன. பேரவை உறுப்பினர்களை நடுவண் அரசே நியமிக்கலாம் என 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு மாநிலத் தகுதி கோரிப் பேரவை பலமுறை தீர்மானம் இயற்றியுள்ளது. மக்களின் விருப்பத்தை அறிய வேண்டும் என்று கூறும் உடன்படிக்கை, அதனை எம்முறையில் அறிவது என்பதை வரையறுக்கவில்லை.