மும்பையில் கணினி, சட்டைப்பையில் பொத்தான்

திருச்சியிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் போன் அதிர்ந்தது. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் பழைய நூல்களின் இணையத் தொகுப்பு திறக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தொகுப்பு இயங்கும் கணினி மும்பையில், நான் கண்ணால் பார்த்தே இராத ஒரு தரவு மையத்தில் இருக்கிறது. வழக்கமாக நுழையும் வழியில் தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. கணினியை வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து ‘கன்சோல்’ என்பதைத் தொட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. புதுப்பிப்பு முடிந்து மறுபடி துவங்கிய கணினி, வட்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்டபடி நின்றிருந்தது. ‘ஒய்’ எழுத்தைத் தொட்டேன். திண்டிவனம் வருவதற்குள் தொகுப்பு திறந்துவிட்டது.

இயங்குதளமே எழுந்திராத ஒரு கணினியின் திரை, ஓடும் பேருந்தில் இருப்பவர் கைக்கு எப்படி வந்தது? அதற்கான விடை இரண்டு ஊர்களில் உருவானது. இரண்டுக்கும் பெயர் கேம்பிரிட்ஜ்.

ஒரு வீடு, பல குடித்தனம்

முதலாவது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ். அங்கிருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான குழு உருவாக்கிய சிபி-40 என்ற மென்பொருள், 1967 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. அது ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டியது. பயன்படுத்திய ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தனக்கே என்ற எண்ணம்.

ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் பங்கிட்டுக் கொடுக்கிறார். இங்கே வீட்டுக்காரரின் பெயர் ஹைப்பர்வைசர். குடியிருப்பவை மெய்நிகர் கணினிகள். ஒரு வித்தியாசம்: இங்கே ஒரு குடித்தனத்துக்கு அடுத்த குடித்தனம் இருப்பதே தெரியாது. 1999இல் விஎம்வேர் நிறுவனம் இதைச் சாதாரண மேசைக் கணினிக்கும் கொண்டுவந்தது. 2006இல் அமேசான் மெய்நிகர் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது.

மும்பையில் இருக்கும் எங்கள் கணினியும் அப்படி ஒரு மெய்நிகர் கணினிதான். மெய்நிகர் கணினிக்குப் பெட்டி கிடையாது. அதன் வட்டு பெரும்பாலும் ஒரு பெரிய கோப்பு. அதன் திரை, நினைவகத்தின் ஒரு பகுதி. அதன் பவர் பட்டன் ஒரு கட்டளை. குடியிருப்பவர் உள்ளே மயங்கிக் கிடந்தாலும் வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருக்கும் அல்லவா? அன்றிரவு நான் நுழைந்தது அந்த வழியில்தான். நான் முதலில் தட்டிய வழியான எஸ்எஸ்எச், உள்ளிருந்து திறக்க வேண்டிய கதவு; இயங்குதளம் விழித்திருந்தால்தான் திறக்கும். கன்சோல் ஹைப்பர்வைசரின் கையில் இருக்கிறது.

திரை மட்டும் பயணம் செய்கிறது

இரண்டாவது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990களில் பிறந்தது, கன்சோலின் திரையை என் போனுக்குக் கொண்டுவந்த விஎன்சி என்ற முறை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், 1991இல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் காபிப் பாத்திரத்தின் முன் கேமரா வைத்து, காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க வழிசெய்தவர்களிலும் ஒருவர். தொலைவில் இருப்பதைப் பார்க்கும் அந்த ஆசை, விஎன்சியில் பார்ப்பதோடு நிற்காமல் தொட்டு இயக்குவதாகவும் வளர்ந்தது.

ஒரு கணக்குப் போடலாம். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் புள்ளிக்கு 4 பைட் என்றால், ஒரு படத்துக்கு 80 லட்சம் பைட்டுக்கு மேல் ஆகிறது. நொடிக்கு 30 முறை அனுப்பினால் எந்த அலைபேசி இணைப்பும் திணறிவிடும். அதனால் விஎன்சி முழுத் திரையைத் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. மாறிய செவ்வகங்களை மட்டுமே அனுப்புகிறது. நீங்கள் ஒரு சாளரத்தை இழுத்து நகர்த்தினால், அந்தப் படம் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. ‘அங்கிருப்பதை எடுத்து இங்கே வை’ என்ற குறிப்பு போதும். அந்தக் குறிப்பின் அளவு வெறும் 16 பைட். நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் இங்கிருந்து போவது 8 பைட், விட்டால் இன்னொரு 8 பைட்.

இன்னொரு நுட்பம்: போன் கேட்டால்தான் அடுத்த மாற்றம் வரும். இணைப்பு மெதுவானால் போன் மெதுவாகக் கேட்கும். இடையில் நடந்தவற்றை விட்டுவிட்டு, கடைசி நிலை மட்டும் வந்துசேரும். திண்டிவனம் சாலையில் சிக்னல் வந்து வந்து போனபோதும் வேலை நடந்தது இதனால்தான்.

சுருங்காத தூரம்

போன் எவ்வளவு பழையது என்பது இதில் பெரிய விஷயமில்லை; கணக்குப் போடுவது அங்கே இருக்கும் கணினி. தூரம்தான் பெரிய விஷயம். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். சென்னையிலிருந்து மும்பைக்குப் போய்வர சுமார் 10 மில்லிநொடி போதும். 13,000 கி.மீ.க்கு அப்பாலிருக்கும் அமெரிக்க வர்ஜீனியாவுக்கு 130 மில்லிநொடிக்குக் குறையாது; நேர்க்கோட்டில் போகாத கேபிளில் இன்னும் அதிகம். தொட்ட எழுத்து தாமதமாக வருவதைக் கண் உடனே உணர்ந்துவிடும்.

2012இல் எம்ஐடியில் கீத் வின்ஸ்டைன் உருவாக்கிய மோஷ் என்ற மென்பொருள், இதற்கு அழகான ஒரு வழி சொன்னது. நீங்கள் தட்டிய எழுத்தை ஊகித்து உடனே திரையில் காட்டும். இணைப்பு மெதுவாக இருந்தால், சர்வர் ஒப்புக்கொள்ளும்வரை அதற்கு அடிக்கோடு இட்டு வைக்கும். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் தொடர்பு அறாது.

விரலின் பருமன்தான் மிஞ்சும் சிக்கல். தொடும் இடத்தை விரலே மறைத்துவிடுகிறது. அதனால்தான் பல செயலிகள் திரையையே டச்பேட் போலாக்கி, தனியே ஓர் அம்புக்குறியை நகர்த்தத் தருகின்றன. போன் விசைப்பலகையில் இல்லாத கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை மேலே ஒரு வரிசையாக அடுக்குகின்றன.

சாவி பத்திரம்

விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை 8 எழுத்துகளோடு நின்றுவிடும். உள்ளே நுழைந்த பிறகு நடக்கும் உரையாடலுக்கு மறைகுறியாக்கமும் கிடையாது. அதைத் திறந்த இணையத்தில் விடவே கூடாது. எஸ்எஸ்எச் அல்லது விபிஎன் தரும் மறைகுறியாக்கப்பட்ட சுரங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செயலிக்குத் தனிப் பூட்டும், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும்.

ஒரு காலத்தில் கணினியை அழிக்க வேண்டுமானால் அது இருக்கும் அறைக்கு நடந்தாக வேண்டும். அந்த நடையில் யோசிக்க நேரம் இருந்தது. என் போனில் ‘மறுதுவக்கம்’ பொத்தானுக்கும் ‘நீக்கு’ பொத்தானுக்கும் இடையே ஒரு விரல் அகலம்தான். ஓடும் பேருந்து ஒருமுறை குலுங்கினால் போதும்.

மெய்நிகர் கணினியே இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்தால், வட்டின் அந்த நேரத்து நிலை அப்படியே காக்கப்படும். பிறகு என்ன கெட்டாலும் அந்த நிலைக்குத் திரும்பலாம். அன்றிரவு தொகுப்பு திறந்ததும் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். செயலியிலிருந்து முழுமையாக வெளியேறிய பிறகே போனைச் சட்டைப்பையில் வைத்தேன்.