அஞ்சு வருஷத்தை எண்ணாமல் விட்டேன்

"அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கேனே சார்" என்றேன். மதுரை விளக்குத்தூண் பக்கம், தீபாவளிக்கு 11 நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடம் முழுக்கத் துணிப்பைகள். எஸ்.ஐ. கைக்கருவியில் வண்டி நம்பரைத் தட்டினார்.

"எந்த வருஷம்மா வாங்குனீங்க?"

"2019. ஆடித் தள்ளுபடியில."

"அப்ப நீங்களே எண்ணிப் பாருங்க."

சீட்டுக்கு அடியிலிருந்து, லேமினேட் போட்டுப் பத்திரமாக வைத்திருந்த இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்தேன். முடியும் தேதி 2024 ஆகஸ்ட் 7. அன்று அக்டோபர் 20. முடிந்து 74 நாள்! ஹெல்மெட், லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தும் 2,000 ரூபாய் சலான். அங்கேயே கார்டைத் தேய்த்துக் கட்டினேன்.

இந்த ஐந்து வருடக் கணக்கே கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கிலிருந்து வந்ததுதான். முதல் வருடம் முடிந்ததும் பலர் இன்சூரன்ஸைப் புதுப்பிப்பதே இல்லை என்பதால், 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு 5 வருடம், காருக்கு 3 வருடம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றாக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருடா வருடம் கட்டினால் நினைவிருக்கும்; ஐந்து வருடம் சும்மா இருந்தால் மறந்தே போகிறது. இடையில் நான் போன் நம்பரையும் மாற்றிவிட்டேன். நினைவூட்டல் வந்திருந்தாலும் பழைய நம்பருக்குத்தான் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து ஆன்லைனில் புதுப் பாலிசி எடுத்தேன். என்னுடையது 110 சிசி வண்டி. 75-லிருந்து 150 சிசி வரை தேர்டு பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 842 ரூபாய் சொச்சம். வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தனி. பாலிசியில் தொடங்கும் நேரமும் போட்டிருந்தது: மாலை 6.12. அந்த நிமிடத்துக்கு முன்னால் நடந்த எதற்கும் அது பொறுப்பாகாது. அதனால், பிடிபட்ட பிறகு பாலிசி எடுத்துக் காட்டினால் அபராதம் ரத்தாகாது. பிடிபட்டபோதே பாலிசி நடப்பில் இருந்து, காகிதம்தான் கையில் இல்லையென்றால் கதை வேறு. டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ காட்டினாலே போதும்.

மறுபடி மாட்டினால் 4,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. சலானைக் கட்டாமல் விட்டால் கோர்ட்டுக்குப் போகும். சலான் குறுஞ்செய்தி ஆர்.சி.யில் பதிவான போன் நம்பருக்குத்தான் வரும், அதனால் நம்பரை மாற்றினால் அங்கேயும் மாற்றிவிடுங்கள். சலான் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏதாவது செயலி வந்தால் தொடவே தொடாதீர்கள், அது பணத்தைச் சுருட்டும் வேலை. பரிவாஹன் அரசு இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது 2,000 ரூபாய் இல்லை. அந்த 74 நாளில் என் அண்ணன் மகன் எத்தனை முறை "அத்தை, சாவி குடுங்க" என்று வண்டியை வாங்கிப் போயிருப்பான்! பரோட்டா வாங்க, கோச்சிங் போக, நண்பனை மாட்டுத்தாவணியில் இறக்கிவிட. குறுக்கே வந்த யார் மீதாவது மோதியிருந்தால்? தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்தால்கூடப் பைசா தராது. அது நாம் இடித்துவிடும் மனிதருக்கானது. உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தீர்ப்பாயம் எத்தனை லட்சம் விதித்தாலும் கம்பெனி கொடுக்கும், உச்சவரம்பு இல்லை. பாலிசி இல்லையென்றால் அத்தனையும் வண்டிக்காரர் தலையில். ஓட்டியவர் மட்டுமில்லை, ஓட்டக் கொடுத்தவரும் சட்டப்படி குற்றவாளி.

இப்போது சாமி அறைக் காலண்டரில், கரண்ட் பில் தேதிக்குப் பக்கத்தில் 'வண்டி' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். லேமினேஷனைக் கிழித்துப் போட்டாயிற்று. போன வாரம் அண்ணன் மகன் சாவி கேட்டு வந்தான். "உன் பைக் எங்கடா?" என்றேன்.

"அதுக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு அத்தை. நேத்துதான் பார்த்தேன்."

சாவியைக் கொடுக்கவில்லை. 'உட்காருடா' என்று போனை எடுத்தேன்.